கழலாத பெல்ட்

நடுவரைத் திட்டுவதற்கென்றே சனிக்கிழமை காலையில் குளித்து முழுகிவிட்டு மைதானத்துக்கு வருகிறவர்கள் உண்டு. பிள்ளை ஆடுகிறதோ இல்லையோ, கோட்டுக்கு வெளியே நின்று இவர்கள் ஆடித் தீர்த்துவிடுவார்கள். "கண்ணாடி போட்டுட்டு வாய்யா" என்பது இவர்களுக்குப் பிடித்த வசனம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நடுவர் வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவர். கத்துகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் என்றே எல்லோரும் சொல்வார்கள். யார் கத்தினாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கறாரான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார், அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பெரியவர்கள் மோதித் தள்ளி ஆடுகிற நீள்பந்து ஆட்டத்தைப் பிள்ளைகளுக்காகச் சாதுவாக்கி, ஃபிளாக் ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிர்க்கோடு வரை ஓட வேண்டும். ஓடுகிற பிள்ளையை யாரும் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் ஒரு பெல்ட், அதன் இரண்டு பக்கமும் வால் மாதிரித் தொங்கும் கொடித்துணி. எதிராளி அந்தத் துணியைப் பிடித்து இழுத்தால் கொக்கி விட்டுப் பெல்ட்டே கையோடு வந்துவிடும். நடுவர் விசில் ஊதுவார், ஓட்டம் அந்த இடத்தோடு சரி. பெல்ட் தானாகவே கழன்று விழுந்துவிட்டால், எதிராளி கையால் தொட்டாலே ஓட்டம் முடிந்தது. தன் கொடியைத் தானே கையால் மறைப்பது தப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, இழுத்தால் வராதபடி பெல்ட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வது.

அதனால் ஆட்டம் தொடங்குமுன் நடுவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு கொடியையும் தன் கையாலேயே இழுத்துப் பார்ப்பார். டப் என்று கொக்கி விடும். பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்ப மாட்டிக்கொள்ளும். வாரத்தில் அவருக்கு மனசு லேசாக இருக்கிற நேரம் அதுதான்.

அந்த வரிசையில் அவர் வீட்டுப் பெண்ணும் ஒருத்தி. வீட்டுப் பெண் என்றால் மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளை. அம்மா கழுத்தில் இவர் தாலி கட்டும்போது வயது ஒன்பது. ஆளும் பொடிசு, ஓட்டமும் பொடிசுக்கேற்ற ஓட்டம், கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடுவாள். அணியில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். வீட்டுப் பிள்ளை ஆடுகிற ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது முறையில்லைதான். ஆனால் விசில் ஊத ஆள் கிடைக்காத சங்கம், இரண்டு பக்கப் பயிற்சியாளர்களும் சரி என்றார்கள். சரி என்றதற்கும் காரணம் இருந்தது. மற்ற பிள்ளைகளின் தப்பு அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் சுண்டெலியின் தப்பு பட்டுவிடும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றுவரை அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா என்றோ சித்தப்பா என்றோ வாய் வரவில்லை. மரியாதைக் குறைவு கிடையாது. "சாப்பிட வருவீங்களாம், அம்மா சொன்னாங்க" என்பாள். அவர் அடுத்த அறையில் இருந்தால் எழுந்து வந்து முகத்துக்கு நேராக நின்று பேசுவாள். தூரத்திலிருந்து கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் நடுவரை சார் என்று கூப்பிடும், இவள் அங்கேயும் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவாள். அதைக் கவனித்தபோது அவருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை பிறந்தது. அந்நியன் என்று நினைத்திருந்தால் சார் என்றிருப்பாளே. மனைவியோ, விடுங்க, தானா வரும் என்பாள். அவர் காத்திருந்தார். வெளியே சொல்லிக்கொள்ள வெட்கப்படும் அளவுக்குக் காத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, எதிர்க்கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் சுண்டெலியின் பெல்ட் தானாக இடுப்பைவிட்டு நழுவி முழங்காலுக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த பெண் முதுகில் தொட்டாள். இவர் விசில் ஊதினார். சட்டப்படி அதுதான் சரி. சுண்டெலி பந்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் வந்து நின்றாள். கையில் பெல்ட்.

"இது இடுப்புல நிக்க மாட்டேங்குது. இருக்கறதுலயே சின்ன சைஸ் இதுதானாம். கொஞ்சம் வெட்டி சின்னதாக்கித் தர முடியுமா?"

அவள் அவரிடம் கேட்ட முதல் காரியம் அது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் வெட்டுகிற கருவி இருக்கிறது, ஆணி அடிக்கிற கருவி இருக்கிறது, இதெல்லாம் ஒரு வேலையா என்றார். சொன்னதையே இன்னும் இரண்டு விதமாகச் சொன்னார். பெல்ட்டை வாங்கித் தன் கடைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவள் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எங்க வீட்ல சரி பண்ணித் தர்றேன்னாங்க." எங்க வீட்ல! அந்தச் சொல்லை அவர் மிட்டாய் போல வாயில் அடக்கிக்கொண்டு படுத்தார்.

பிறகு வாரம் பிறந்தது. பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து மொத்தமாகக் கண்ணாடிக்கு ஆர்டர் வந்து கடையில் மூச்சுவிட நேரமில்லை. சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் அந்தப் பெல்ட் தினமும் கடைக்குப் போனது, தினமும் வீட்டுக்கு வந்தது. அவருக்கு அது நினைவே இல்லை. ஆசைப்பட்டது இவ்வளவு, மறந்தது எப்படி என்று கேட்டால் பதில் கிடையாது. மனுஷன் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பையைத் திறந்து பார்த்திருக்கிறாள். பெல்ட் கொடுத்தபடியே இருந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு தடவை கேட்கவே இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட பிள்ளை, இரண்டாவது தடவை கேட்பாளா?

மறுநாள் அரையிறுதி. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டப், டப் என்று கொடிகளை இழுத்துக்கொண்டே வந்தார். சுண்டெலி கடைசி. அவள் எதிரில் வந்து நின்றதும்தான் அவருக்குச் சுரீர் என்று உறைத்தது. பெல்ட்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் தூரத்தில் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கொக்கிக்கு மேல் கொஞ்சம் உப்பலாக இழுத்துவிட்டிருந்தாள். மற்றப் பிள்ளை என்றால் அந்த உப்பல் ஒன்றே போதும், கறார்க்காரர் கொடியை நாலு தரம் இழுத்திருப்பார். இன்று கை எழும்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கொடியைத் தொட்டால் அது கழன்று விழும், விழுந்தால், பெல்ட்டைச் சின்னதாக்கித் தர மறந்தது எல்லோருக்கும் வெளிச்சமாகிவிடும் என்றுதான் அந்த நொடியில் நினைத்தார். "சரி, போ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விசிலைத் தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. வானம் வேறு காலையிலிருந்து மூடிக்கொண்டு கிடந்தது. கடைசி நேரத்தில் பந்து சுண்டெலி கைக்கு வந்தது. இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு ஓரக்கோட்டை ஒட்டி ஓடினாள். எதிரணியில் உச்சிக்குடுமி போட்ட பெண் ஒருத்தி பாய்ந்து கொடியைப் பிடித்தாள். சரியான பிடி. இழுத்தாள். கொடி வரவில்லை. பிடித்த விரல்கள் துணியில் சுற்றிக்கொள்ள, குடுமிக்காரி தரையில் இழுபட்டாள். சுண்டெலியும் தடுமாறி விழப் போய், நிமிர்ந்து, கோட்டைத் தாண்டிவிட்டாள். அவள் பக்கத்துப் பிள்ளைகள் கத்தின. குடுமிக்காரி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விரல் ஒன்று சுளுக்கிக்கொண்டது.

எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்தார். கண்ணாடிக்காரர் போய் சுண்டெலியின் சட்டையை விலக்கினார். கொக்கிக்கு மேல் ஒரு பழைய ஷூ கயிறு. பெல்ட்டை மடித்து, கயிற்றைச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தாள். இடுப்பில் நிற்க வேண்டும் என்று போட்ட முடிச்சு அது. இழுத்தால் வராமல் இருக்க வேண்டும் என்று போட்டதில்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சங்கத்தின் மேற்பார்வையாளர் அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நிதானமானவர். விதி இரண்டே வழிதான் சொன்னது. சோதனையின்போதே முடிச்சு இருந்து நடுவர் கவனிக்காமல் விட்டிருந்தால், தப்பு நடுவருடையது. பெல்ட்டை மாற்றிக்கொண்டு அந்த ஓட்டத்தைத் திரும்ப ஆடலாம். சோதனை முடிந்தபிறகு கட்டியிருந்தால் அது ஏமாற்று. பிள்ளை வெளியே போக வேண்டும், இந்தப் பருவம் முடியும்வரை ஆட முடியாது.

"நீங்க எல்லாரையும் செக் பண்ணீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

சுற்றிலும் பெற்றோர் கூடிவிட்டார்கள். வீட்டுப் பிள்ளை, வீட்டுப் பிள்ளை என்று பின்னால் முணுமுணுப்புக் கிளம்பியிருந்தது. ஒரே ஒரு பிள்ளையைச் சோதிக்கவில்லை, அதுவும் தன் வீட்டுப் பிள்ளையை என்று சொன்னால் என்ன ஆகும்? மறந்துவிட்டேன், வெட்கமாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? கூட்டுச் சேர்ந்து செய்ததாகத்தான் சொல்வார்கள். விசில் போகும். இத்தனை வருஷம் சேர்த்த பெயர் போகும்.

"பண்ணேன்."

"இந்தப் பொண்ணையும்?"

"எல்லாரையும்."

அந்த அம்மா சுண்டெலியிடம் குனிந்தார். "அப்ப, சார் பாத்ததுக்கு அப்புறம் கட்டினியாம்மா?"

சுண்டெலி கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவள் அப்படிக் கண்ணோடு கண் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடலாம். பெல்ட் பெரிதாக இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன், செய்து தருகிறேன் என்றார் என்று சொன்னால் கூட்டம் மொத்தமும் இவர்மேல் பாய்ந்திருக்கும். சொல்லப் போகிறாள் என்று ஒரு மனசு பயந்தது. சொல்லிவிடட்டும் என்றும் ஒரு மனசு கெஞ்சியது. அந்த இரண்டாவது மனசுக்கு வாய் இல்லை.

"ஆமா" என்றாள் அவள்.

விதிப்படி அடுத்ததை அவர்தான் செய்ய வேண்டும். கையை உயர்த்தி, கட்டைவிரலை நீட்டி, வெளியே என்று காட்டினார். மைதானம் முழுக்கப் பார்த்தது. சுண்டெலி தானே குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், இறுகிப் போயிருந்தது. பெல்ட்டைக் கால்வழியாக உருவி எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பெல்ட்டை மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டு, குடுமிக்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள், ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் அணி தோற்றது. வழக்கமாகத் திட்டுகிற ஒரு பெரியவர் கிட்டே வந்து, சொந்தப் பிள்ளைன்னும் பாக்கலையே, நீங்க ஆளுதான் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு ஒரு அறையாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

காரில் அவள் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போனார். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே புகுந்து, விளக்கைப் போட்டு, ஆட்டம் முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிவந்திருந்த பெல்ட்டை அளந்து வெட்டினார். முனையை நெருப்பில் காட்டிப் பிசிறு போக்கினார். கொக்கியை நகர்த்தி ஆணி அடித்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. செய்து முடித்த பெல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மருந்துக் கடை வேலை முடிந்து வந்து அடுப்படியில் இருந்தாள். அரையிறுதி போச்சாமே என்று மட்டும் கேட்டாள். மகள் அதற்கு மேல் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் அவள் கால்களை மடக்கி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பெல்ட்டை நீட்டினார்.

"முடிச்சிட்டேன். திங்கக்கிழமை அந்தம்மாகிட்ட போயி, நான் உன்னைச் சோதிக்கலன்னு சொல்லிடறேன். தப்பு என்னுதுதான்" என்றார், அடுப்படிக்குக் கேட்காத குரலில்.

அவள் எழுந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டாவது கெஞ்சியிருப்பார். பெல்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். டப் என்று விட்டது.

"பரவால்ல சார்" என்றாள்.

சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னடி, வீட்லயும் சாரா?" என்று மகளைச் சீண்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "நான் சொன்னேன்ல, தானா வரும்னு. இத்தன நாள் கழிச்சு ஒண்ணு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டா பாருங்க."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.