கொக்குச்சாமியின் சம்சாரம்

“ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னக்கா?” என்று ஞானமணி கேட்டதும், செவந்தி கையிலிருந்த சொளகு நழுவித் தரையெல்லாம் குருணை சிதறியது. அடுப்படியிலிருந்து மாமியார் மூக்காயி பாய்ந்து வந்தாள்.

“ஏத்தா, படிச்ச பிள்ளை கேக்குற கேள்வியா இது? புருசன் பேரப் பொண்டாட்டி சொன்னா அவன் ஆயுசு கொறைஞ்சிரும். போத்தா அங்கிட்டு!”

ஞானமணி சென்னையில் பத்திரிகைப் படிப்பு முடித்து, அங்கேயே ஒரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தவள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் வந்தது. ஆசிரியர் ஆண் நிருபர்களைத் தலைவர்களின் பின்னால் அனுப்பினார். இவளை மட்டும், “ஓட்டுப் போடுற அன்னிக்குப் பொம்பளைங்க என்ன சமைச்சாங்கன்னு எழுதும்மா” என்று பொன்னமராவதிப் பக்கம் பஸ் ஏற்றிவிட்டார். செவந்தி வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு என்று எழுதியதோடு அந்த வேலை தீர்ந்தது. மாமியாரும் மருமகளும் கிளம்பியபோது அவளும் பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்குச்சாவடிக்கு நடந்தாள்.

பட்டியலில் இரண்டு செவந்திகள் இருந்தார்கள்.

“நீ எந்தச் செவந்தி? புருசன் பேரச் சொல்லும்மா,” என்றார் அதிகாரி.

செவந்தி பள்ளிக்கூடச் சுவரைக் காட்டினாள். பிறகு சாமி கும்பிடுவதுபோல் கைகூப்பினாள்.

“சுவருசாமியா?”

அவள் தலையாட்டி மறுத்து, அவருடைய வேட்டியைக் காட்டினாள்.

“வேட்டிச்சாமி?”

சன்னலுக்கு வெளியே கண்மாயில் நின்ற கொக்கைக் காட்டினாள்.

“கொக்குச்சாமியா? அப்படி ஒருத்தரும் இல்லையேம்மா!”

வரிசையே சிரித்தது. யாரோ எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார்கள். “யாரும் பேசப்படாது! ஆள் மாறுனா என் வேலை போயிரும். அவங்க வாயாலதான் வரணும்,” என்று அதிகாரி அதட்டினார். செய்தியாளர் செய்திக்குள் நுழையக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஞானமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஓட்டுப் போட்டுவிட்டு விரல் மையை ஊதிக்கொண்டே வந்தான் செவந்தியின் புருஷன். “விடுங்கய்யா. வீட்டுக்கு ஒண்ணு போதும், நான் போட்டாச்சு. ஏய், போயி ஒலை வையி!”

செவந்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெள்ளைச்சாமி!” என்று கத்தினாள். “எழுதிக்கங்கய்யா. வெள்ளைச்சாமி, வெள்ளைச்சாமி, வெள்ளைச்சாமி!”

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். வெள்ளைச்சாமி நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஒரு தும்மல் வந்தது, அவ்வளவுதான்.

அடுத்து மூக்காயி. அதிகாரி கேட்பதற்கு முன்பே, “நாகராசு,” என்றாள்.

“அத்தை!” என்று பதறினாள் செவந்தி.

“குடும்பம் நடத்துன காலத்துல ஒருக்காக்கூடச் சொன்னதில்லடி. அப்பவும் மனுசன் செத்துத்தான போனாரு.”

பிறகு பெண்கள் வரிசையில் புருஷன் பெயர்கள் மழையாகப் பொழிந்தன. ஆண்கள் வரிசையில் ஒவ்வொருவராக நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். ஞானமணி ஒன்று விடாமல் எழுதி அனுப்பினாள்.

அவள் சென்னை திரும்பிய அன்று செய்தி முதல் பக்கத்திலேயே வந்திருந்தது. தலைப்பு: ‘வெள்ளைச்சாமி மனைவியின் துணிச்சல்.’ செய்திக்குள் எங்கும் செவந்தி இல்லை.

“செவந்தின்னு எழுதியிருந்தேனே, சார்?”

“செவந்தியை யாருக்கும்மா தெரியும்?” என்றார் ஆசிரியர்.

“வெள்ளைச்சாமிய மட்டும் யாருக்குத் தெரியும், சார்?”

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டுவதற்குள், ‘திருத்தம்’ என்று எழுதிய தாளோடு ஞானமணி அச்சுக்கூடத்துக்குள் போயிருந்தாள்.