முனை வீட்டுக்கும் ஒரு குறி

நான் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது தையல் மிஷின் சத்தம் இல்லை. மாமா மிஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோர்த்திருந்தது. தைக்கத் துணி இல்லை. தெருப்பக்கச் சன்னல் கண்ணாடியில் ஓர் ஓட்டை. அட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

"வாங்க ஆபீசர்," என்றார். அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை. மாப்ள என்பார், குஷியாக இருந்தால் டேய் என்பார்.

நான் ஆபீசர் இல்லை. நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் சாலை அளக்கும் குழுவில் நாடா பிடிப்பவன். இந்தத் தெருவில் பேருந்துக்கென்று தனித் தடம் போடலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்க அகலம் தெரிய வேண்டும். நாடாவின் நுனியை வீட்டுச் சுவரடியில் வைப்போம். வைத்த இடம் மறக்காமலிருக்க மஞ்சள் பெயின்டில் ஒரு கூட்டல் குறி போடுவோம். வெயிலிலும் மழையிலும் தானாகப் போய்விடும். முனை வீட்டில் மட்டும் போடுவதில்லை. அங்கே சாலை வளைந்து அகன்றுவிடும், அளவு தப்பாக வரும். அக்காவுடையது முனை வீடு.

குறி போட்ட வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்று முதலில் யார் கிளப்பியதோ தெரியாது. எங்கோ இடிந்த வீட்டின் படம் ஒன்று தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்தது. தனித் தடம் கேட்கும் பேருந்துப் பயணிகளின் குழுவிலும் அதே படம் வந்தது. இவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள், காரை ரோட்டில் நிறுத்தி வழி அடைக்கிறவன் வீடுதானே, இடியட்டும் என்று கைதட்டினார்கள். படம் பொய் என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டது.

அலுவலகம் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டுப் பேசி, குறி உள்ள வீட்டுக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்கள். இந்த வீடு இடிக்கப்படாது, அவ்வளவுதான் வாசகம். ஒட்டியவனும் நான்தான். அதுவரை நம்பாதவர்களும் அன்று நம்பினார்கள். சும்மா போகிறவனை நிறுத்தி, உன்னை வெட்ட மாட்டேன் என்று சொன்னால் அவன் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் என்ன செய்வான்?

முனை வீட்டில் குறியும் இல்லை, நோட்டீசும் இல்லை. தெரு அதைக் கவனித்தது.

"தம்பிய வெச்சு வீட்டக் காப்பாத்திக்கிட்டீங்களாமே," என்றாள் அக்கா, எதிர்வீட்டு அம்மாவின் குரலிலேயே. "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, தைக்கக் குடுத்த துணியத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா. அப்புறம் ஒவ்வொருத்தியா வந்தாளுங்க. வெட்டின துணியக்கூட விடல."

"சன்னல்ல கல்லு எறிஞ்சது?"

"அது யாருன்னு தெரியல," என்றார் மாமா. "உங்கக்கா தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. பரவால்ல, அடுத்த தடவ கை பழகிடும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு போட்டுடு," என்றாள் அக்கா.

"அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லக்கா."

"அர்த்தம் இல்லேல்ல? அப்ப போடறதுல உனக்கென்ன கஷ்டம்?"

பதில் இருந்தது. அர்த்தமில்லாத இடத்தில் நான் போட்டால் அதற்கு அர்த்தம் வந்துவிடும். அட்டை ஒட்டிய சன்னலை அவள் மறுபடியும் பார்த்தாள். நான் வண்டிப் பெட்டியிலிருந்து பெயின்டை எடுத்து வந்தேன்.

மாலை வெயில் சாய்ந்திருந்தது. அலுவலகச் சட்டையோடு சுவரடியில் குந்தினேன். முதல் கோடு இழுக்கும்போதே எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இரண்டாவது கோட்டுக்குள் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். எதிர்வீட்டு அம்மா சாலையைக் கடந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களையும் விடலியா? கூடப் பொறந்தவன் இருந்துமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா வீட்டுக்கு ஓடிப்போய்த் துணிப்பையோடு திரும்பினாள். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது.

என் போன் அதிர்ந்தது. தெருக் குழுவில் போட்ட என் படத்தை யாரோ எனக்கும் அனுப்பியிருந்தார்கள். கையில் பிரஷ், சுவரில் ஈரக் குறி, முதுகில் அலுவலகத்தின் பெயர். படத்தின் கீழே எழுதியிருந்தார்கள்: சொந்த அக்கா வீட்டுக்கே குறி போட்டுட்டான். இனியும் யாருக்காவது சந்தேகமா?

நிமிர்ந்தேன். வாசல்களில் ஆள் இல்லை. எல்லோரும் சாலைக்கு வந்திருந்தார்கள். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அது அளவுக்குங்க," என்றேன். "வெறும் அளவுக்கு."

"தெரியும் தம்பி," என்றார் ஒரு பெரியவர், அன்பாக. "உன்மேல தப்பில்ல. மேல சொல்றாங்க, நீ செய்யறே."

முனையில் பேருந்து திரும்பியது. அவர்கள் நகரவில்லை. ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார், பிறகு கையை எடுத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் சன்னல்களில் போனைத் தூக்கினார்கள். கீழே நின்றவர்களும் தூக்கினார்கள்.

பெயின்ட் டப்பாவுக்காகக் கையை நீட்டினேன். காலடியில் அதுவும் இல்லை, அதன்மேல் வைத்திருந்த பிரஷும் இல்லை. கூட்டம் விலகி யாருக்கோ வழி விட்டது. பேருந்தின் முன்கண்ணாடியில், ஓட்டுநரின் முகத்துக்கு நேரே, மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் மேலே போய் இரண்டாவது கோட்டுக்கு இறங்கியது. பின்னால் அக்கா வீட்டில் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.