பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

எஸ்தர் வாயைத் திறந்தால் அலைகூடக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் அடிக்கும் என்று என் புருஷன் ஜான்சன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லட்டும். கோபப்படுகிறவளைத்தான் ஊரில் எல்லா வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். ஆனால் அன்றைக்குக் காலையில் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறேன், எங்கள் வரைபடம் வரவேண்டிய திரையில் நீலமாக ஒரு பக்கம் வந்து நிற்கிறது. நிறைய இங்கிலீஷ் எழுத்து, ஒரு கடிகாரம், ஓரத்தில் ஏதேதோ நம்பர். 

விஷயம் இதுதான். எங்கள் ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையோரமாக நடைபாதை போடப்போவதாக ஒரு திட்டம் வந்திருந்தது. அதற்கு யாரோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ஒரு மேப் போட்டிருந்தார்கள். நாங்கள் படகு ஏற்றி வைக்கிற மணல், வலை உலர்த்துகிற மேடு, மீன் ஏலம் விடுகிற இடம், எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக 'காலி இடம்' என்று எழுதியிருந்தது. காலி இடமாம். அதில்தான் எங்கள் குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. நடைபாதை அதன் வழியாகப் போனால் படகை எங்கே ஏற்றுவது, மீனை எங்கே வைத்து விற்பது? தலையில் வைத்துக்கொண்டா நிற்பது?

அதனால் நாங்களும் ஒரு மேப் போட்டோம். நான் கல்யாணத்துக்கு முன்னால் தி. நகர் ஸ்டுடியோ ஒன்றில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தவள். கரையை மேலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, எங்கள் ஏலக்காரி குப்பம்மாக்காவோடு மணல் மணலாக நடந்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். மழை, வெயில், அவள் வாய், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு முடித்தேன். அடையாறில் ஒரு ஹாலில் அன்றைக்குப் பதினோரு மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதில் காட்டவேண்டிய மேப் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

மெயிலில் போட்டு வைக்கக் கூடாதா, வேறு எங்கேயாவது ஒரு காப்பி வைக்கக் கூடாதா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்குக் குப்பமே கேட்டுவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அப்கிரேடு ஓடியது. பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதுசுக்கு மாறு என்று அந்தப் பெட்டி தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தது. சரி, மாறித் தொலை என்று அமுக்கினேன். முடித்துவிட்டுத் தானாக அணைந்துகொள் என்றும் சொல்லிவிட்டு, ஆதம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். பூஜையும் விஜயதசமியும் கழிந்து கூட்டத்தன்று காலையில் வந்து பார்த்தால் இந்தக் கூத்து. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

மவுசைப் பிடித்து, வெளியே போ என்று இருந்த இடத்தில் தட்டினேன். பெட்டி அணைந்து, திரும்ப உயிர் வந்து, கம்பெனிப் படம் ஒரு நொடி மின்னியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அதே நீலம். திரும்பத் தட்டினேன், திரும்ப நீலம். பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அப்பவும் நீலம்தான்.

அடையாறில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரபாகருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அப்கிரேடு பாதியில நின்னுருக்கும். சிஸ்டம் காலி. ஃபார்மட்தான் பண்ணணும்."

"ஃபார்மட் பண்ணா உள்ள கீறது?"

"போய்டும். இல்ல, டிஸ்க்கைத் தனியாக் கழட்டி எடுத்துப் பாக்கலாம். நான் இப்ப வேலூர்ல கீறேன் அக்கா, மாமியார் வூட்டுல. நாளைக்கு வந்து பாக்கறேன்."

"நாளைக்கு வந்து எனக்கு மாலை போடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதற்குள் சங்கத்துப் பின்னறை நிறைந்துவிட்டது. குப்பத்தில் ஒருத்தர் தும்மினால் பத்துப் பேர் கைவைத்தியம் சொல்வார்கள். ஒருத்தர் பெட்டியை ஒரு தட்டு தட்டச் சொன்னார். ஒருத்தர் ஃபேன் காற்று படட்டும் என்றார். சங்கச் செயலாளர் கோபால் மாமா, "இன்னொரு வாட்டி சூடம் காட்டட்டாமே?" என்று கேட்டார். அவர்தான் ஆயுத பூஜையன்று படகு எஞ்சின், வலை, தராசு, கம்ப்யூட்டர் என்று சங்கத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தவர். மானிட்டர் நெற்றியில் ஒன்று, பெட்டியில் ஒன்று, மவுசின் முதுகில்கூட ஒன்று. கீபோர்டின் மேல் சாமந்திச் சரம் வாடிப்போய்க் கிடந்தது.

 ஏலத்தில் குப்பம்மாக்காவின் குரல் திருவான்மியூர் வரை கேட்கும். அன்றைக்குச் சுவரோரம் குந்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எஸ்தரு, அல்லாம் பூட்ச்சா?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. அழுகை முட்டினால் எனக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். "எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தினேன். யாரும் போகவில்லை. ஆனால் வாயை மூடினார்கள், அது போதும்.

உட்கார்ந்து அந்த நீலப் பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். பயத்தில் அதுவரை நிறத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். கடிகாரம் சரியான மணி காட்டியது. மெமரி எவ்வளவு என்று இருந்தது. கீழே டிஸ்க்கின் பெயரும் நம்பரும் அப்படியே இருந்தன. செத்த பெட்டி தன் டிஸ்க்கின் பெயரைச் சொல்லாது. அப்படியானால் மூளையும் இருக்கிறது, வயிறும் இருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று மட்டும்தான் அடம்.

அப்போதுதான் ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பழைய மிஷின் அடிக்கடி மக்கர் செய்யும். அதைச் சரிபார்க்க இதே மாதிரி ஒரு பக்கத்துக்குப் போகவேண்டும். அது சுலபத்தில் வராது. பெட்டி உயிர் பெறுகிற அந்த ஒரு நொடியில் டிலீட் பொத்தானை டக்டக்கென்று அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் நேராக உள்ளே போய்விடும், திரும்ப அணைத்துத் திரும்ப அமுக்கவேண்டும். எத்தனை முறை முதலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் தானாக வராது. கூப்பிட்டால்தான் வரும். இங்கே யார் கூப்பிடுகிறார்கள்?

கீபோர்டின் மேல் கிடந்த சாமந்திச் சரத்தைத் தூக்கினேன்.

வலதுபக்க மூலையில், தோசைக்கு மாவு ஊற்றின மாதிரி ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். சந்தனம் நாலு பக்கமும் வழிந்து உள்ளே இறங்கி, காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அதன் அடியில் ஒரு பொத்தான் அமுங்கினபடியே கிடந்தது. நகத்தால் சுரண்டினேன். டி, இ, எல் என்று எழுத்து தெரிந்தது.

டிலீட்.

"மாமா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அதற்கே கோபால் மாமா ரெண்டடி பின்னால் போனார்.

"நான் இன்னாமே பண்ணேன்? சாமி கும்ட்டேன், அவ்ளோதான்."

"இத்தினி பொத்தான் கீதே, இதும்மேல மட்டும் ஏன் மாமா இவ்ளோ அப்பி வெச்ச?"

அவர் நிமிர்ந்து நின்றார். தப்புச் செய்தவர் முகமே இல்லை அது.

"அன்னிக்கி நீதானமே சொன்ன? இத்தத் தெரியாம தொட்டா அல்லாம் அழிஞ்சி பூடும், யாரும் கிட்ட வராதீங்கன்னு. கடலுக்குப் போறவன் மொதல்ல ஆருக்குச் சூடம் ஏத்துவான்? எது நம்மள முழுங்குமோ அதுக்குத்தான. இந்தப் பொட்டியில முழுங்கறது இதான். அதான் இதுக்கு மட்டும் நல்லா வெச்சி, நல்லா அழுத்தி வேண்டிக்கினேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் பூசாரி வரத்தின் மேலேயே சந்தனம் அப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட வேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்தால் அதைவிட அவமானம் எனக்கு வேறு இல்லை. அடக்கிக்கொண்டு, கீபோர்டின் ஒயரைப் பெட்டியின் முதுகிலிருந்து பிடுங்கினேன்.

"அதப் புடுங்கிட்டா அப்பால எப்டிமே அடிப்ப?" என்றது ஒரு குரல்.

"வாய மூடு."

பெட்டியை அணைத்தேன். திரும்ப அமுக்கினேன். கம்பெனிப் படம் வந்தது.  படம் மறைந்தது. திரை கறுத்தது. நீலம் வரவில்லை. கறுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. அதன் கீழே, கொஞ்சம் பொறுங்கள், தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று வந்தது. அன்றைக்கு அந்த வாக்கியத்தைக் கும்பிடலாம் போல இருந்தது.

"இன்னா சொல்து?" என்று குப்பம்மாக்கா கேட்டாள்.

"பொறுங்கன்னு சொல்து அக்கா."

"பொறுத்துக்கினுதான கீறோம்."

அது சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பூன் காம்பை விட்டு அந்த டிலீட் பொத்தானை நெம்பி எடுத்தேன். அடியில் இருந்த சந்தனத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன். அந்த இடத்தில் கைபடாமல் இருக்க ஒரு அட்டையை ஒட்டினேன். புது சிஸ்டம் எழுந்து பாஸ்வேர்டு கேட்டபோது கீபோர்டைச் சொருகி அடித்தேன். பின்னணிப் படம் மாறியிருந்தது, பட்டன்கள் இடம் மாறியிருந்தன. ஆனால் என் ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. திறந்தேன்.

எங்கள் கரை முழுசாக வந்து நின்றது. ஒரு பெயர்கூடக் குறையவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன் என்று இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள். குதித்தேன்தான். குப்பம்மாக்கா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் மீன் வாசனையோடு முத்தம் கொடுத்தாள். கோபால் மாமா நடுவில் வந்து, "பாத்தியா, வேண்டிக்கினது வீண் போகல" என்றார். 

மேப்பைப் பென்டிரைவில் போட்டேன். இன்னொரு பென்டிரைவிலும் போட்டேன். மெயிலிலும் போட்டேன். கோபால் மாமா பிடித்து வந்த ஆட்டோவில் நானும் குப்பம்மாக்காவும் அவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எல்.பி. ரோடு சிக்னலில் நின்றபோது பென்டிரைவ் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பையைத் தடவிப் பார்த்தேன்.

ஹாலில் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. மேடையில் கருத்துக் கேட்க வந்த அதிகாரி மேடம், பக்கத்தில் மேப் போட்ட இன்ஜினியர். திரையில் அவருடைய மேப். நடைபாதை சிவப்புக் கோடாக எங்கள் கரை நெடுகப் போனது. "இது முழுக்கக் காலி இடம்தான் மேடம், யாருக்கும் பாதிப்பு இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் நடுவில் நடந்து போய்ப் பென்டிரைவை நீட்டினேன்.  

"மேடம், அதே எடம்தான். எங்க மேப்பையும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். அதே மணல், அதே அலை, அதன் மேல் எங்கள் எழுத்து. ஏலத்தட்டு. வலைமேடு. மாதா மணல். புயல்ல படகு ஏத்துற எடம். கருவாட்டுப் பாய். பொங்கலுக்குப் பசங்க ஆடுற எடம். சிவப்புக் கோடு போகவேண்டிய வழி முழுக்கப் பெயர். எங்களுக்கு முன்னாலேயே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த குப்பத்து ஆட்கள் தங்கள் இடத்தைத் திரையில் கண்டதும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் எங்களைக் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய கரையில காலி இடம்னு ஒண்ணுகூடவா இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் குப்பம்மாக்கா எழுந்துவிட்டாள். காலையில் தொலைத்திருந்த குரல் முழுசாகத் திரும்ப வந்திருந்தது.

"கீதும்மா. தோ, அவரு மேப்புல கீது."

ஹாலே சிரித்தது. மேடம் சிரித்தார். இன்ஜினியரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார், அதற்காக அவரை மன்னித்துவிடலாம். சிரிப்பு அடங்கியதும் மேடம் சொன்னார், இந்தப் பழைய மேப்பை வைத்துப் பாதை போட அனுமதி கிடையாது, குப்பத்து ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு முதலிலிருந்து அளக்கவேண்டும் என்று. அப்புறம் பக்கத்தில் இருந்த கிளார்க்கைப் பார்த்து, அந்தப் பெயர்களை ஒன்று விடாமல் பதிவு செய்யச் சொன்னார்.

கிளார்க் பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார். "ஏலத்தட்டு. எந்த 'ல' போடணும்மா?" என்று கேட்டார். என் கண்ணெல்லாம் தண்ணீர். நான் எங்கள் மண்ணை எழுத்துக் கூட்டிச் சொல்லத் தொடங்கினேன்.