கைக்கு எழுதிய வவுச்சர்

"நான் அந்தக் காசைக் கண்ணால பார்க்கலையே தேவி—"

"அத்தை, இது காசு இல்ல, வவுச்சர்—"

"ரிஸீவ்டுன்னு போட்டிருக்கு. அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்—"

"எல்லா வவுச்சர்லயும் அப்படித்தான் போடுவாங்க—"

"போடறவங்க போடட்டும். கீழ கையெழுத்துப் போடறது அவங்களா, நானா?"

தேவிப்ரியா நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்தபின் எங்கே போவதென்று தெரியவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பிவந்து அதே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் பன்னிரண்டு வவுச்சர்கள் வரிசையாகக் கிடந்தன. ஏப்ரலிலிருந்து மார்ச்வரை மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் ரூபாய். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சற்றுமுன் அவள் நாக்கால் நனைத்து ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப். பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. வருமான வரிப் பக்கம் திறக்காமல் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. போன வருஷக் கணக்கைத் தாக்கல் செய்ய இன்றுதான் கடைசி நாள்.

"பேனா இதோ இருக்கு. ஒரு நிமிஷ வேலை அத்தை."

"உன் மாமனாருக்கும் ஒரு நிமிஷ வேலைதான்."

மாமியார் வனஜா இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. இன்றைக்கும் சொன்னாள்.

"கிடர்பூர் துறைமுகத்துல கப்பலுக்குச் சாமான் கொடுக்கற கம்பெனி. அவர் ஸ்டோர் பார்த்தாரு. கயிறு நாற்பது சுருள் வந்துச்சுன்னு போடு வேலாயுதம், மிச்சம் சாயங்காலம் வந்துரும்னான் மேனேஜர். இவரும் போட்டாரு. எட்டுச் சுருள் இன்னி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு வருஷம் சம்பளத்துல பிடிச்சாங்க."

"அது கம்பெனி. இது நம்ம வீடு."

"வீட்டுக்கு எதுக்கும்மா ஸ்டாம்ப்?"

தேவிப்ரியா பேனாவை வவுச்சர்மேல் வைத்தாள். மறுபடி எழுந்தாள்.

லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி வீடு அது. தேவிப்ரியா பிறந்ததும் படித்ததும் கல்கத்தாவில்தான். தமிழைவிட வங்காளம் அவள் நாக்கில் சுலபமாகப் புரளும். அந்த வங்காளத்தில் அவள் நடத்தும் சமையல் சேனலுக்கு நாலு லட்சம் பேர். ரசமும் அடையும் அவியலும் வங்காளி வீடுகளுக்குள் போனதே அவள் வாயால்தான் என்று பாராட்டி எழுதுவார்கள். ஆனால் அவளுக்கு வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும். குரல்தான் அவளுடையது. கை வனஜாவுடையது. அடுப்புக்கு மேலே தொங்கும் கேமராவில் வாணலியும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும், முகம் கிடையாது. குரலும் கையும் ஒரே பெண்ணுடையவை என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும், ‘தீதி, உங்கள் குரலைவிடக் கைக்குப் பத்து இருபது வயசு கூடவா?’ என்று கேட்டிருந்தாள். தேவிப்ரியா அதை அழித்துவிட்டாள்.

கை மாறியிருந்தால் அன்றே சேனல் படுத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும், வனஜாவுக்கும் தெரியும். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"காசு கேட்டேனா நான்?" என்றாள் வனஜா. "என்னிக்காவது கேட்டேனா?"

"கேட்கலை."

"கேட்காததை வாங்கினேன்னு ஏன் எழுதறே?"

"உங்களுக்குப் பெருமைதானே. ஆர்ட்டிஸ்ட் ஃபீஸ்னு போட்டிருக்கேன் பாருங்க. வேலைக்காரின்னா போட்டேன்?"

"ஆர்ட்டிஸ்ட்டா? முகம் இல்லாத ஆர்ட்டிஸ்ட்டை நான் இப்பதான் கேள்விப்படறேன்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். தேவிப்ரியாவுக்கு வரவில்லை. அவள் கண் லேப்டாப்பிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து சமையலறைக்கும் தாவிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கத்திலிருந்து மேகம் கறுத்து வந்தது. விளம்பரம் கொடுத்த பெருங்காயக் கம்பெனிக்காரன் சாயங்காலத்துக்குள் வீடியோ வேண்டுமென்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். அடைக்கு அரைத்த மாவு அடுப்பருகே மூடிவைத்தபடி இருந்தது. வெளிச்சம் போய்விட்டால் அதுவும் நாளைக்குத்தான்.

போன் அடித்தது. ஆடிட்டர் கல்பனா. இந்த ஊரில் எல்லா அக்காவும் தீதிதான் என்பதால் தேவிப்ரியாவுக்கு அவள் கல்பனாதி.

"போட்டாச்சா?"

"போட்டுக்கிட்டே இருக்காங்க கல்பனாதி."

"பன்னெண்டு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம்? எனக்கு இன்னும் பதினோரு பேர் பாக்கி. இங்கே ஒருத்தர் வீட்டு நாய்க்கு வாங்கின பிஸ்கட்டை செலவுல போடச் சொல்றார், நாய்தான் அவர் சேனல்ல ஹீரோவாம். அதையும் ஒத்துக்க வேண்டியிருக்கு. ஏன்னா நாய் நிஜமாவே நடிக்குது, பிஸ்கட்டையும் நிஜமாவே திங்குது." பொரி மெல்லும் சத்தம் கேட்டது. "உன் நிலைமை தெரியும்ல? சந்தேகமானதை விட்டு மிச்சமெல்லாம் கழிச்சு லாபம் பதிமூணு லட்சத்துப் பத்தாயிரம். அத்தைக்குக் கொடுத்த ஒண்ணே கால்—"

"ஒண்ணு இருபது."

"அந்த ஒண்ணு இருபதையும் கழிச்சா பன்னெண்டு லட்சத்துக்குக் கீழ. வரி பூஜ்யம். கழிக்கலைன்னா கிட்டத்தட்ட எண்பதாயிரம், இன்னிக்கே கட்டணும். வரவுல பாதியை லாபம்னு மொத்தமா காட்டற வழியிலயும் உனக்குப் பன்னெண்டைத் தாண்டுது, நான் போட்டுப் பார்த்துட்டேன்."

தேவிப்ரியாவின் வங்கிக் கணக்கில் அறுபத்திரண்டாயிரம் இருந்தது. வந்ததெல்லாம் வந்த வழியே வீட்டுக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவன் ஆனந்துக்கு மூன்று மாதமாகப் பாதிச் சம்பளம். போன மாதம் கல்பனா, ‘அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு என்ன கொடுக்கறே?’ என்று கேட்டபோது, ‘மாசம் பத்தாயிரம், கேஷா’ என்று அவள் யோசிக்காமல் சொன்னாள். சொல்லும்போது அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. கொடுத்திருக்கலாம், கொடுக்க நினைத்ததுண்டு, கொடுத்தால் தப்பில்லை. அப்படியே கொடுத்ததாகிவிட்டது.

"கல்பனாதி, இப்பவே அவங்க கணக்குக்குப் போட்டுட்டா?" என்று குரலைத் தாழ்த்தினாள்.

"இப்பப் போட்டா அது இந்த வருஷச் செலவு. ஏன், அப்பக் கொடுக்கலையா?"

"கொடுத்தேன் கொடுத்தேன். சும்மா கேட்டேன்."

இதற்குள் வனஜா சமையலறைக்குப் போயிருந்தாள்; அங்கே தட்டு ஒன்று அழுத்தி வைக்கப்பட்டது.

"சரி, மிச்ச லிஸ்ட்டை முடிச்சுருவோம். ஸ்பீக்கர்ல போடு, நான் டைப் பண்ணணும். கேமரா, லைட், மைக், பில் இருக்கு. எடிட்டருக்குக் கொடுத்தது பேங்க் வழியா, நல்லது. கரண்டு, நெட், பாதி. சேலை பதினாலு... இது என்ன? வீடியோல கைதானே தெரியுது, சேலை எங்கே தெரியுது?"

"முந்தானை ஓரம் தெரியும்."

"முந்தானை ஓரத்தை மட்டும் செலவு எழுத முடியாது தேவி. வெளியிலயும் கட்டற துணியைத் தொடாதே, அடிச்சுட்டேன். அடுத்து, கண்ணாடி வளையல், ரெண்டு டஜன், முன்னூத்தி எண்பது. காஸ்ட்யூம். இது ஷூட்டிங்குக்கு மட்டுமா?"

"ஷூட்டிங்குக்கு மட்டும்தான்."

இரண்டு வருஷத்துக்கு முன் பார்வையாளர் ஒருத்தி எழுதினாள், ‘தீதி, கை ஏன் வெறிச்சோடி இருக்கிறது? சமைக்கிற கையில் ஒரு வளைகூட இல்லாமல் பார்க்க மனசு கேட்கவில்லை.’ அப்புறம் பலர் எழுதினார்கள். தேவிப்ரியா கரியாஹாட் நடைபாதையில் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தாள். வனஜா மூன்று நாள் தொடவில்லை. அவர் போய் ஆறு வருஷமாச்சு, பார்த்தவங்க என்ன சொல்வாங்க என்றாள். ‘உங்களை யார் பார்க்கப்போறாங்க அத்தை? கையை மட்டும்தானே பார்ப்பாங்க’ என்றாள் தேவிப்ரியா. நாலாம் நாள் வனஜா போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து படம் எடுக்கும்போது போடுவதும், முடிந்ததும் கழற்றி ஃபிரிட்ஜ்மேல் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் வைப்பதுமாக நடந்துவந்தது. போன வருஷம் பழையதெல்லாம் உடைந்துபோய்ப் புதிதாக இரண்டு டஜன்.

"இல்ல," என்றாள் வனஜா.

சமையலறை வாசலில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன இல்ல?"

"ஷூட்டிங்குக்கு மட்டும் இல்ல. லேக்குக்கு நடக்கப் போறப்பவும் போட்டுக்கறேன். நீ சாயங்காலம் எடிட்டிங்னு கதவைச் சாத்திக்கிறியே, அப்ப. கீழ்வீட்டு வங்காளி அம்மா இருக்காங்களே, அந்த மாசிமாகூட. எட்டு மாசமா."

தேவிப்ரியா அவளையே பார்த்தாள். அந்தக் கைகளை அவள் எத்தனை ஆயிரம் முறை திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். இடது கட்டைவிரல் நகத்தின் வளைவு, மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு, எல்லாம் மனப்பாடம். அந்தக் கைகள் தினமும் வளையலோடு படியிறங்கிப் போனது அவளுக்குத் தெரியாது.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?" அவள் கேட்க நினைத்தது அதுவல்ல.

"மாசிமா சொன்னாங்க. பச்சை நல்லாருக்கு, அடுத்த தடவை சிவப்பு வாங்கிக்கோன்னாங்க."

"அப்ப அது சொந்த உபயோகம்," என்றது மேஜைமேலிருந்த போன். "அடிச்சுட்டேன். முன்னூத்தி எண்பதுக்கு ஒண்ணும் குடிமுழுகிடாது. வனஜாம்மா, நீங்க பக்கத்துலதான் இருக்கீங்களா? நல்லதாப்போச்சு. உங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடறேன். மாசம் பத்தாயிரம் தேவி கையில கொடுத்தாளா?"

தேவிப்ரியா போனை நோக்கிக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அணைத்தால் அதுவே பதிலாகிவிடும். வனஜாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மெல்ல, ஆமாம் என்று. உதட்டை மட்டும் அசைத்து ‘அத்தை’ என்றாள். எண்பதாயிரம், என்று விரல்களில் காட்டப்போய், எட்டு விரலை விரித்தபின் அது என்ன அசிங்கம் என்று மடக்கிக்கொண்டாள்.

முதல் தூறல் ஜன்னல் கம்பியில் விழுந்தது. வட்டம் சுற்றுவது நின்று, வரிப் பக்கம் திறந்தது. உள்ளே நுழையச் சொல்லிக் கட்டம் மின்னியது.

"அம்மா? கேட்குதா?" என்றாள் கல்பனா. "நாளைக்கு யாராவது கேட்டா நீங்க சொல்லத்தானே வேணும், அதான் கேட்கறேன். வாங்கினீங்கன்னா வாங்கினேன்னு சொல்லுங்க, நான் போட்டுக்கறேன். இல்லைன்னா இல்லை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வனஜா டப்பாவைத் திறந்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். வலக்கைக்கு ஆறு, இடக்கைக்கு ஆறு. அவசரப்படவில்லை. பிறகு மேஜையருகே வந்து, மார்ச் மாத வவுச்சரை எடுத்து, எழுத்து தெரியும்படி தூரமாகப் பிடித்துப் படித்தாள். ஸ்டாம்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். நாக்கு ஈரம் இன்னும் சரியாகக் காயவில்லை, அது கொஞ்சம் நகர்ந்தது. வவுச்சரை இருந்த இடத்திலேயே, இருந்த வரிசையிலேயே வைத்தாள்.

"வெளிச்சம் போகுது," என்றாள். "அடை வார்த்துரட்டுமா?"

"அத்தை, கல்பனாதி லைன்ல இருக்காங்க."

"தெரியும்."

"ஏதாவது சொல்லுங்க. பிளீஸ்."

வனஜா சமையலறைப் பக்கம் இரண்டடி போய், வாசல்படியில் நின்று திரும்பினாள். குரல் உயரவில்லை. போனுக்குக் கேட்கட்டுமென்றோ கேட்கக்கூடாதென்றோ அவள் நினைத்ததாகத் தெரியவில்லை.

"கையைக் கேட்டே, கொடுத்தேன். முகம் வேண்டாம்னே, சரின்னேன். இப்ப வாயையும் கேட்கறியா தேவி?"