ஒரே ஒரு டிங்

அக்கா குதித்தாள். கீழே கைகள் இல்லை.

இருந்தன. நான்கு கைகள். மச்சானுடையவை இரண்டு, கூட ஆடும் நெட்டையுடையவை இரண்டு. ஆனால் அவள் வந்து விழ வேண்டிய இடத்தை அவை அப்போதுதான் கடந்து போயிருந்தன. கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக வந்த அக்கா, தோள் இடிபட ரிகர்சல் மெத்தையில் தொப்பென்று விழுந்தாள்.

சுவரோரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த அவள் தம்பி டப்பா பாதி எழுந்துவிட்டான்.

"பாட்டை நிறுத்து!"

கத்தியது மாஸ்டர். நடனக் குழுவை நடத்தும் அம்மாள். கத்தாமலே எல்லோரையும் ஆட்டிவைக்கக் கூடியவர் கத்தினால், விஷயம் பெரிது என்று அர்த்தம். டப்பா பாட்டை நிறுத்தினான்.

சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரு டப்பாவையும் தட்டாமல் விட்டதில்லை என்பதால் வந்த பெயர் அது. இப்போது தட்டுவதில்லை, பதிவு செய்கிறான். கார் கதவு சாத்தும் சத்தம், சூட்கேஸ் மூடும் சத்தம், ஃப்ரிட்ஜின் உறுமல், எதிர்வீட்டு வயலின் டீச்சர் வாசிக்கத் தொடங்கி நிறுத்திய பாதி வரி என்று எது கிடைத்தாலும் சரி. வெட்டுவான், ஒட்டுவான், தாளமாக்குவான். இந்த நடனத்துக்கான பாட்டையும் அப்படித்தான் தைத்திருந்தான்.

அந்தப் பாட்டின் உச்சத்தில், கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்ட ஒரு டிங். அதுதான் சிக்னல். உயரமான மரப்பெட்டி மேல் அக்கா பார்வையாளர்களைப் பார்த்து நிற்பாள். மச்சானும் நெட்டையும் அவள் முதுகுக்குப் பின்னால் சுழன்று ஆடிக்கொண்டிருப்பார்கள். டிங் கேட்டதும் அவள் பின்பக்கமாகச் சாய்ந்து குதிக்க வேண்டும், அதே டிங்குக்கு அவர்கள் கை கோத்தபடி சுழன்று வந்து அவளை அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி. பஸ் போன பிறகு ஏறினால் தார்ரோடுதான்.

இத்தனை நாளும் மாஸ்டர் வாயால் எண்ணிக் கொடுத்தார். குதிப்பு பூப்போல வந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாட்டை மட்டும் நம்பிக் குதித்தாள்.

"லேட்டா குதிச்சா நான் எப்படிப் பிடிக்கிறது?" மச்சானுக்குப் பயத்தில் கோபம் வந்திருந்தது.

"நான் லேட்டா? கையை எடுத்துட்டுப் போனது யாரு?" தோளைப் பிடித்துக்கொண்டே அக்கா எழுந்தாள்.

"நான் எதுக்குடி கையை எடுக்கப் போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

நெட்டை நைசாகத் தண்ணீர் பாட்டில் பக்கம் நகர்ந்தான். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவே நிற்கிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை.

மாஸ்டர் கையை உயர்த்தினார். "போதும். நாளைக்கு மத்தியானம் ஒரே ஒரு தடவை பார்ப்பேன். வந்தா வரட்டும். இல்லேன்னா இந்தக் குதி கிடையாது. ஆடினோமா, இறங்கினோமா, வீட்டுக்குப் போனோமான்னு முடிச்சுக்கலாம். எனக்கு உங்க எலும்பு முக்கியம்."

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பையை எடுத்தாள். அந்தத் தலையாட்டல்தான் டப்பாவைக் குடைந்தது. குழந்தை பிறந்த பிறகு மேடைப் பக்கமே வராதிருந்தவள், இந்த ஒரு குதிப்புக்காகத்தான் திரும்பி வந்திருந்தாள். வீட்டில் கட்டில் மேலிருந்து குதித்துக் குதித்துக் கட்டில் காலே ஆடிப்போயிருந்தது.

வாசலில் அவனைக் கடந்து போகும்போது மட்டும், "டேய், அந்த டிங் இன்னும் சரியாக் கேக்கலடா," என்றாள்.

ராத்திரி அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

டிங் கேட்கவில்லை என்று போன வாரமே சொன்னாள். அவனும் சும்மா இருக்கவில்லை. டிங்குக்கு எக்கோ போட்டான். கூர்மையாகக் குத்தியது, அதனால் பெரிய மண்டபத்தில் ஒலிப்பது மாதிரி ஆக்கும் ஹால் எஃபெக்ட் போட்டான். மங்கியது, பளபளப்பு எஃபெக்ட் போட்டான். கடைசியில் எல்லாம் சேர்ந்து எகிறியபோது, மொத்தப் பாட்டையும் அமுக்கிப் பிடிக்கும் எஃபெக்ட் ஒன்றையும் தலையில் தூக்கி வைத்தான். ஒரு டிங்குக்கு இத்தனை அலங்காரம். இன்னும் கேட்கவில்லையாம்!

காலையில் அக்கா அவன் அறைக்கே வந்துவிட்டாள். தோளில் கட்டு. கையில் டீ. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மச்சான் என்ன சொல்றாரு?"

"யாருக்குத் தெரியும்? நாங்க பேசிக்கிறதில்ல."

"ஒரே வீட்டுல இருந்துகிட்டா?"

"குழந்தை வழியா சேதி போகுது. அதுக்கு இன்னும் பேச வராது. அதனால வசதியா இருக்கு."

டப்பா சிரிக்க முயன்றான். முடியவில்லை. "சரி, எப்படிக் குதிக்கிறேன்னு சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

"என்னத்தைச் சொல்றது? முதல் டிங் லேசா கேக்கும். உடம்பைத் தயார் பண்ணிக்குவேன். ரெண்டாவது டிங்குல குதிச்சுடுவேன்."

டப்பாவின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

"எந்த ரெண்டாவது டிங்?"

"தெளிவா கேக்குமே, அதான்."

"அக்கா, நான் வெச்சதே ஒரு டிங்தான்."

அவன் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மச்சான், உங்களுக்கு எத்தனை டிங் கேக்குது?"

"இது என்ன கேள்வி மாப்ளே? ஒண்ணுதான். நாங்க ஸ்பீக்கருக்குப் பக்கத்துலதானே ஆடுறோம், காதுல வந்து அறையுது. அப்புறம் அதோட எக்கோ வரும். அதை யார் கண்டுக்கிறா?" ஒரு இருமல். "உங்க அக்கா அங்கதான் இருக்காளா? தோள் எப்படி இருக்குன்னு கேளு."

"தோள் தோளாத்தான் இருக்குன்னு சொல்லு," என்றாள் அக்கா, போனைப் பார்த்து.

"அவகிட்ட சொல்லு, நான் கையை எடுக்கல."

"தெரியுமாம்னு சொல்லு. இப்பத்தான் தெரிஞ்சுதுன்னும் சொல்லு."

"என்னையா சொல்லச் சொல்றீங்க? ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" டப்பா போனை வைத்தான். "அக்கா, உன்னைக் கீழே தள்ளினது நான்தான். என் எக்கோ."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, தள்ளினே. இப்ப எழுப்பு. மத்தியானம் ரிகர்சல்."

எக்கோவைக் கழற்றினான். முழுப் பாட்டையும் ஓட்டினான். டிங் வரவேண்டிய இடத்தில் கார் கதவு டமால் என்றது. டிங் அதற்கடியில் எங்கோ முனகியது.

பழக்கதோஷம், கை டிங்கின் வால்யூமை ஏற்றியது. திரையில் சிவப்பு விளக்கு. அதிகம் என்று அர்த்தம். ஏற்றியும் டிங் தெளியவில்லை. இன்னும் ஏற்றினான். சிவப்பு அணையவே இல்லை. பாட்டு மொத்தமும் கரகரத்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. மொத்தத்தையும் அமுக்கும் அந்த எஃபெக்ட்! கார் கதவு சாத்தப்படும் ஒவ்வொரு தடவையும் அது எல்லாச் சத்தத்தையும் பிடரியில் கைவைத்து அமுக்குகிறது. கதவும் டிங்கும் விழுவது ஒரே தாளத்தில். டிங் வாயைத் திறக்கும் அதே நொடியில் அதற்கு அடி விழுகிறது. எக்கோ மட்டும் கதவு ஓய்ந்த இடைவெளியில் வந்து நிம்மதியாகப் பாடிவிட்டுப் போகிறது. இப்படி ஒரு அநியாயத்தைச் செய்துவிட்டு, அதன் மேல் பளபளப்பு வேறு!

ஒவ்வொரு எஃபெக்டாக அணைத்தான். ஒன்று விடவில்லை. பிறகு எல்லாச் சத்தத்தின் வால்யூமையும் ஒரே இழுப்பில் அடிமட்டத்துக்கு இறக்கினான். அறை மயான அமைதியானது.

"ஐயையோ, அழிச்சிட்டியா?"

"அழிக்கல. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டேன். ஒவ்வொருத்தரா கூப்பிடப் போறேன்."

முதலில் கார் கதவு. சிவப்புக்குப் பக்கத்தில்கூடப் போகவிடாமல், மேலே தாராளமாக இடம் விட்டு நிறுத்தினான். அடுத்தது சூட்கேஸ், கதவுக்கு ஒரு படி கீழே. ஃப்ரிட்ஜ் உறுமலை ஏற்றி, போதும் என்று தோன்றிய இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கினான். அதுவரை எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தது அந்த ஃப்ரிட்ஜ்தான் என்று தெரிந்தபோது அவனுக்கே வெட்கமாகிவிட்டது. வயலின், பின்வரிசை. கடைசியாக டிங்.

ஏற்றினான். பாதிதான் ஏற்றியிருப்பான்.

டிங்.

ஒன்று. ஒரே ஒன்று. துடைத்து வைத்த மாதிரி.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இது எங்கடா இருந்துச்சு?"

"இங்கேயேதான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி."

"இப்ப ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன், கேக்குது. அங்க பெட்டி மேல, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தூரமா நிப்பேனே?"

நியாயமான கேள்வி. டப்பா ஸ்பீக்கரின் சத்தத்தைப் பேச்சுக் குரலுக்குக் குறைத்தான். "குளியலறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. கேக்கும்போது கத்து."

போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம். பாட்டு ஓடியது. அவன் திரையையே பார்த்தான். கோடு டிங்கைத் தொட்டது.

"டிங்!" உள்ளேயிருந்து அக்கா.

மறுபடி போட்டான். "டிங்!" மறுபடி. "டிங்! போதுமாடா? ஊரே எட்டிப் பார்க்கும்!" எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று படாரென்று சாத்தப்பட்டது.

அதன் பிறகுதான் எஃபெக்ட் பெட்டியைத் திறந்தான். வயலினுக்கு மட்டும் லேசாக ஹால் எஃபெக்ட், சூட்கேஸுக்கு ஒரு சிட்டிகை. வேறு யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. மவுஸ் டிங் பக்கம் போனது. நல்ல காலம், திரும்பி வந்துவிட்டது.

"மச்சானுக்கு போன் பண்ணிச் சொல்லிடு," என்றான்.

"இரு. மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் கெத்தா இருந்துக்கறேன்."

மத்தியானம் ரிகர்சல் ஹாலில் பாட்டு தொடங்கியதுமே மாஸ்டரின் புருவம் ஏறியது. "என்னப்பா இது, நோஞ்சானாட்டம் இருக்கு?"

டப்பா இதை எதிர்பார்த்திருந்தான். "மேலே இடம் விட்டு வெச்சிருக்கேன் மாஸ்டர். ஹால் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுங்க. தைரியமா கூட்டுங்க."

மாஸ்டர் திருகினார். ஹால் நிரம்பியது. கார் கதவு நெஞ்சில் இடித்தது, ஆனால் கரகரப்பு இல்லை. வயலின் மேலே எங்கோ மிதந்தது. மாஸ்டரின் புருவம் இறங்கியது. பாட்டை நிறுத்தினார்.

"சரி. ஏறு."

அக்கா மரப்பெட்டி மேல் ஏறினாள். மச்சான் அவளைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தாள். டப்பா நடுவில் வந்து நின்றான்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம். நேத்து நடந்தது இவங்க ரெண்டு பேர் தப்பும் இல்ல. என்னோடது. பாட்டுல ரெண்டு டிங் இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான். முதல்ல வர்றதும் அதுதான், கடைசியா வர்றதும் அதுதான்."

"என் மேல தப்பில்லைன்னு ஊரறியச் சொல்லிட்டான்," என்றான் மச்சான், யாரையும் பார்க்காமல்.

"என் மேலயும் இல்லைன்னுதான் சொன்னான்," என்றாள் அக்கா, கூரையிடம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் மாஸ்டர். "போடு பாட்டை."

போட்டான்.

சுழன்றார்கள். பெட்டி மேல் அக்காவின் முதுகு விறைத்து நின்றது. டப்பா லேப்டாப் திரையைப் பார்க்கவில்லை. அவள் குதிகாலையே பார்த்தான். வயலின் ஏறியது. சூட்கேஸ். சூட்கேஸ்.

டிங்.

குதிகால்கள் பெட்டியை விட்டன. அதே கணத்தில் நான்கு கைகள் கோத்துச் சுழன்று வந்தன. அக்கா காற்றில் சாய்ந்தாள், விழுந்தாள், விழவில்லை. கைகள் அவளை அள்ளி, வேகம் குறையாமல் ஒரு முழுச் சுற்று சுற்றிக்கொண்டு போயின. கட்டுப் போட்ட தோளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான் மச்சான்.

யாரோ பெருமூச்சு விட்ட சத்தம் கேட்டது. தான்தான் என்று டப்பாவுக்குத் தெரிய ஒரு கணம் ஆனது.

"மறுபடி," என்றார் மாஸ்டர்.

மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை மாஸ்டர் ஹாலின் கடைசி மூலைக்குப் போய் நின்று கேட்டார். அங்கிருந்தே கட்டை விரலை உயர்த்தினார். "குதி இருக்கு!"

"இறக்கி விடுங்க," என்றாள் அக்கா, மச்சானின் கைகளில் இருந்தபடி. நேற்றிலிருந்து அவனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"தோள் எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"சாயங்காலம் டாக்டர்கிட்ட போகலாம்."

"போகலாம். முதல்ல இறக்குங்க, நெட்டைக்குக் கை நடுங்குது."

"எனக்கு ஒண்ணும் நடுங்கல," என்றான் நெட்டை. நடுங்கியது.

"இன்னொரு தடவை போடா டப்பா!" அக்கா பெட்டியை நோக்கி ஓடினாள். பத்து வயது குறைந்திருந்தது அவளுக்கு.

அவன் பாட்டை ஓட விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். கார் கதவு டமால் டமாலென்று சாத்தியது, சூட்கேஸ் மூடியது, அக்கா குதித்தாள், சிரித்தாள், மறுபடி ஏறினாள். பாட்டு முடிந்ததும் அடுத்ததற்காகத் திரும்பிப் பார்த்த மாஸ்டர், உதட்டில் விரலை வைத்து மற்றவர்களுக்குச் சைகை காட்டினார்.

லேப்டாப்பை மடியில் வைத்தபடி, வாயைப் பிளந்துகொண்டு, டப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.