மைனஸ் ஒன்றுக்குப் பிறகு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலை பதினொன்று இருபதுக்கு இரண்டு சாவுகள் ஒரே நொடியில் வந்தன; அதனால் அவர் சாகவில்லை. ஏழு மாடி அலுவலகம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள் அவர் குனிந்திருந்தபோது மேலிருந்த இரும்பு எடை அறுந்து விழுந்தது. அதே நொடியில் கையிலிருந்த வயரில் மின்சாரம் பாய்ந்தது. இரண்டில் எது தனியாக வந்திருந்தாலும் ஆள் போயிருப்பார் என்றார் மருத்துவர். நாடி இல்லை, துடிப்பு இல்லை, உடம்பு குழாய்த்தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. மருத்துவர் மூன்று முறை கருவியை மாற்றிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் தோன்றாமல் ஒரு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி, புருஷனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "என்னங்க, உள்ள ஒண்ணையும் காணோம்?" என்றாள். "காணோம்தான். நீ கிளம்பு, கடைக்கு நேரமாகுது" என்றார் அவர். அன்றோடு அவருக்குப் பசி நின்றது. தூக்கமும் கோபமும் நின்றன. தொலைக்காட்சியில் என்ன ஓடினாலும் ஒரே முகத்தோடு பார்த்தார். அடுத்த மாதம் தெருமுனையில் ஒரு வேன் அவரை மோதித் தள்ளியது. எழுந்து பையைத் தட்டிக்கொண்டு நடந்தார். இதைக் கேள்விப்பட்ட கம்பெனி, மற்றவர்கள் இறங்க மறுத்த குழிகளுக்கெல்லாம் அவரையே அனுப்பத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் இரண்டு வாரம் பேசினார்கள். பிறகு தண்ணீர் வராத பிரச்சினை வந்துவிட்டது.

இதற்கான காரணம் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையின் ஓரத்திலிருந்த பழைய கணினியில் இருந்தது. கல்லூரியில் இரண்டாம் வருடம் கணிதம் படித்த மகளுக்குச் சின்னச் சின்ன விளையாட்டுகள் எழுதுவது பொழுதுபோக்கு. முதலில் ஒரு பாம்பு, பிறகு ஒரு பந்தும் மட்டையும் எழுதினாள். மூன்றாவதாக அப்பாவையே எழுதினாள்: பதினாறு புள்ளி உயரம், நீலச் சட்டை, கையில் பை. அந்த ஆள் ஏழு மாடி ஏற வேண்டும். மேலிருந்து எடை விழும், பக்கத்திலிருந்து தீப்பொறி பாயும். மூன்று உயிர்கள், திரையின் மூலையில் மூன்று குட்டித் தலைகளாக. சின்ன வயதில் கிணற்றில் ஒன்று, விஷக்காய்ச்சலில் ஒன்று என இரண்டைச் செலவழித்தாயிற்று, மிச்சம் ஒன்றுதான் என்று அப்பா சொல்லுவதுண்டு. அந்தக் கணக்கில்தான் மூன்று வைத்தாள். விபத்துக்கு முந்தின நாள் மாலை அதை முதலில் ஆடிப் பார்த்தவரும் அவர்தான். இரண்டாம் மாடியிலேயே தோற்றார். "ஏம்மா, அப்பனைக் கொல்றதுக்கா இவ்வளவு சிரமப்பட்டு எழுதின?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

கல்லூரிப் போட்டிக்கு அந்த விளையாட்டைக் கொடுக்க வேண்டியிருந்த வாரத்தில், சோடாபுட்டி என்று எல்லோரும் கூப்பிடும் அவள் தோழி ஆடிப் பார்த்தாள். "ஏய், உன் ஆளு சாகவே மாட்டேங்கிறான்டி" என்றாள். கடைசி ஓர் உயிர் இருக்கும்போது எடையும் பொறியும் ஒன்றாகப் பட்டால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து நேராக மைனஸ் ஒன்றுக்குத் தாவியது. உயிர் பூஜ்யமானால் ஆட்டம் முடியும் என்று மட்டும்தான் மகள் எழுதியிருந்தாள். பூஜ்யத்தைத் தொடாமல் தாண்டிப் போனவனை நிறுத்த ஒரு வரியும் இல்லை. மூலையில் தலை ஒன்றுகூட இல்லாமல் நீலச் சட்டை ஏறிக்கொண்டே இருந்தது. "பூஜ்யமோ அதுக்குக் கீழயோன்னு மாத்து. ஒரே ஒரு குறி. இதுகூட வராம நீயெல்லாம் போட்டிக்குப் போற!" என்றாள் தோழி. மகள் அதற்குள், அப்பாவை மோதிய வேனை மைனஸ் இரண்டாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தக் குறியைப் போட்டு ஓடவிட்டாள். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து சட்டை நழுவியது, முழங்கால் மடங்கியது. குறியை அழித்தாள். அவர் குனிந்து சட்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து மடித்தார். அவள் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். இப்படி இருப்பது எப்படியிருக்கிறது என்றும் கேட்டாள். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன மாதிரி இருக்கும்மா. வலி இல்ல, பயம் இல்ல. கதவு மட்டும் திறக்கல." அவள் விரல் விசைப்பலகைக்குப் போனது. "திறந்துடட்டுமாப்பா?" அவர் அந்த விரலை விலக்கினார். "நடுவுல நிக்கும்போது திறக்கக் கூடாது. ஒரு மாடிக்குக் கொண்டுவந்துதான் திறக்கணும். அதுவரைக்கும் வெளியில இருக்கிறவங்க உள்ள இருக்கிறவன்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும். எங்க வேலையில முதல் பாடமே அதான்."

பிழையோடு கொடுத்த விளையாட்டைப் போட்டி நடத்தியவர்கள் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். சோடாபுட்டி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மகள் படிப்பை முடித்து, பகல் முழுக்க மற்றவர்களின் பிழைகளைத் திருத்தும் வேலைக்குப் போனாள். அதில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தாள். கணினி ஐந்து முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அந்த விளையாட்டை மட்டும் முதலில் எடுத்து வைத்தாள். அம்மா ஒரே ஒரு நோயில், ஒரே ஒரு முறை செத்துப் போனாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை, மகளுக்கும் வரவில்லை. ஓய்வூதிய அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்த்து முத்திரை குத்துவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் குத்துகிறார்கள்.

இப்போது அவர் மைனஸ் பத்தொன்பதில் இருக்கிறார். மாலை ஆறரைக்கு மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்: பேருந்தில் இடம் கிடைத்தது, மேலாளருக்குப் பல்வலி, மழை வரும்போல இருக்கிறது. நடுவில் நிறுத்தி, "மாடி வந்துடுச்சாப்பா?" என்று கேட்பாள்.

"இன்னும் வரல. நீ சொல்லு" என்பார் அவர்.

அவள் பல்வலிக்குத் திரும்புவாள்.