மண்டபத்தில் இல்லாத ஆள்

அந்த வசந்தகாலத்தில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் மூன்று தமிழ் வீடுகள் உடைக்கப்பட்டன. மூன்று முறையும் வீட்டார் கொண்டாட்ட மண்டபத்தில் இருந்தார்கள். நகைகளைத் தவிர வேறெதுவும் போகவில்லை. வழக்கு சுகிர்தனிடம் வந்தது.

அந்த ஊரில் அவனைத் தெரியாத தமிழர் இல்லை. மூன்றாம் பிரிவு உதைபந்துக் கழகமொன்றில் சம்பளத்துக்கு விளையாடிய முதல் தமிழ்ப் பெடியன். முழங்கால் இரண்டாம் தடவையும் போன பிறகு பொலிஸில் சேர்ந்தான். பழைய புகழுக்காகக் கதவைத் திறந்தவர்கள், பொலிஸ் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசியாக வீடு உடைபட்ட பேர்பெச்சுவா அக்கா மட்டும் பேசினார்.

“தம்பி, நாங்கள் மகளின்ர கலியாணத்தில நிக்கிறம் எண்டு ஆருக்குத் தெரியும்? எங்கட ஆக்களுக்குத்தான்.”

“ஆரையெண்டாலும் சந்தேகப்படுறியளோ, அக்கா?”

“வீடியோக்காரப் பெடியன் நடுவில காணாமல் போனவன். கேக் வெட்டேக்க ஆளைத் தேடினனாங்கள்.”

வீடியோக்காரன் அருள்நேசன். அதே கழகத்தின் கோல் காப்பாளன். சுகிர்தன் அவனுக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரன். ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

மற்ற இரண்டு வீட்டாரும் அதையேதான் சொன்னார்கள்: அவன் நடுவில் ஆளில்லை. அதன்பின் சுகிர்தனுக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. அருள்நேசன் ஏன் திடீரென்று குடியை விட்டான்? பழைய கூட்டாளிகளை ஏன் தவிர்க்கிறான்? சனிக்கிழமைகளில் ஏன் தொலைபேசியை எடுப்பதில்லை?

அருள்நேசனின் வீடியோக் கடைக்கே போய்க் கேட்டான்.

“முடியும் வரைக்கும் மண்டபத்திலதான் நிண்டனான், மச்சான்,” என்றான் அருள்நேசன், கமராவைத் துடைத்தபடியே. முகத்தை நிமிர்த்தவில்லை.

பொய். அது சுகிர்தனின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அருள்நேசன் தன் நண்பன் என்பதை மேலதிகாரியிடம் மறைக்கவில்லை. “வேறு ஆளிடம் கொடுக்கட்டுமா?” என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றான். தன் ஆளைக் காப்பாற்றத்தான் ஒதுங்கினான் என்று நாளைக்கு ஊர் பேசும் என்ற பயம்.

தேடுதல் உத்தரவோடு போனபோது தெருவில் தமிழ்ச் சனம் நிறைந்திருந்தது. கடையின் அலுமாரிகள் கவிழ்க்கப்பட்டன. ஒரு மோதிரம்கூட அகப்படவில்லை.

“எங்க போனனீ?” என்றான் சுகிர்தன்.

“சிநேகிதனாக் கேக்கிறியோ, பொலிஸாக் கேக்கிறியோ?”

“பொலிஸா.”

அருள்நேசன் வாசலில் நின்றவர்களைப் பார்த்தான். “சனிக்கிழமைச் செபத்துக்கு, பெந்தெகொஸ்தே சபைக்குப் போனனான். ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷமாகுது. தெரிஞ்சால் சைவக் கோயில்காரரும் வீடியோ எடுக்கக் கூப்பிடமாட்டினம், கத்தோலிக்க வேதக்காரரும் கூப்பிடமாட்டினம் எண்டுதான் மறைச்சனான். போதுமோ?” குரலைத் தாழ்த்தினான். “விளையாடேக்க நான் பின்னால நிக்கிறனோ எண்டு நீ ஒருநாளும் திரும்பிப் பார்க்கேல்லையேடா.”

சபையின் போதகர் அவன் சொன்னதை உறுதிப்படுத்தினார். சில வாரங்களில் உண்மைக் கள்ளன் பிடிபட்டான்: கலியாண வீடுகளுக்குக் கதிரையும் அலங்காரச் சாமானும் இறக்கிய வாடகை வானின் சாரதி. தமிழன் அல்ல.

நகையில் பாதி திரும்பக் கிடைத்ததும் பேர்பெச்சுவா அக்கா சுகிர்தனைக் கும்பிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: “எண்டாலும் தம்பி, அந்தப் பெடியனுக்கு இதில பங்கில்லை எண்டு வடிவாய்ப் பார்த்தனீங்களோ?”

“பார்த்தனான், அக்கா. அவன் ஒண்டும் செய்யேல்லை.”

அக்கா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அருள்நேசனுக்கு அழைப்புகள் நின்றுபோயின. அவன் ஸ்டுட்கார்ட்டுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு சுகிர்தன் ஓடினான். கடை பாதி வெறுமையாய்க் கிடந்தது.

“என்னை மன்னிச்சுக்கொள், மச்சான்.”

“மன்னிச்சிட்டன். நான் நம்புற சாமி அதைத்தான் சொல்லுது.” அருள்நேசன் பெட்டியொன்றைத் தூக்கினான். “ஆனா இனி என்ர வீட்டுக்கு வராதை.”

சுகிர்தன் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடிக்கக் கை நீட்டினான். அருள்நேசன் விலகி, தனியாகவே அதை வாசலில் நின்ற வானுக்குச் சுமந்து போனான்.